வைரஸைக் கண்டுபிடித்தது யார்? ஒரு தாவரவியல் டீச்சருக்குப் பதில்

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. பிளஸ் ஒன்னில் வைரஸ் பாடம் நடத்தும்போது பிள்ளைகளின் கேள்விகளைச் சமாளிக்க முடியவில்லை. வைரஸைக் கண்டுபிடித்தவர் ஐவனோவ்ஸ்கி என்று ஒரு புத்தகம் சொல்கிறது, பெய்ஜெரிங்க் என்று இன்னொன்று சொல்கிறது. எது சரி? அதற்கு உயிர் உண்டா இல்லையா? "எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பே இல்லாத காலத்துல வைரஸ் இருக்குன்னு எப்படி மிஸ் தெரிஞ்சுது?" என்று ஒரு பையன் கேட்டான். இன்னொரு மாணவி, தம்பிக்கு வைரல் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு டாக்டர் ஆன்டிபயாடிக் தரவில்லை, அப்பா மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுத்துவிட்டார், அது சரியா என்கிறாள். இந்தப் பாடத்தில் நம்மூர்ப் பெயர் ஒன்றாவது உண்டா? வகுப்பில் செய்து காட்டச் சின்னச் சோதனை ஏதாவது இருக்கிறதா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனின் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள். மரபுப்பொருளும் புரத உறையும் கொண்டு உயிருள்ள செல்லுக்குள் மட்டும் பெருகும் துகள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஆரம்பித்தால் பாடம் அங்கேயே முடிந்துபோகும். அந்த ஒரு வரிக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது, இடையில் பெரிய பெரிய ஆட்கள் தவறான முடிவுகளுக்குப் போனார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். நான் பல வருடமாக வைராலஜி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், பயிற்சிக்கு வரும் மருத்துவ மாணவர்களுக்கும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். வைரஸின் குணங்கள் ஒவ்வொன்றும் ஒரு சோதனையிலிருந்து வெளியே வந்தவை, சோதனையைச் சொன்னால் குணம் தானாக மனதில் நிற்கும்.

கதை 1879-ல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஊரில் தொடங்குகிறது. அங்கே வேளாண் ஆய்வு நிலையத்தின் தலைவராக இருந்த அடால்ஃப் மேயர் என்ற ஜெர்மானியரிடம், புகையிலை இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக வருகிறது, பயிர் வீணாகிறது என்று விவசாயிகள் முறையிட்டார்கள். நாம் தேமல் நோய் என்கிறோமே, அதுதான். மேயர் மண்ணைப் பார்த்தார், உரத்தைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. நோய்ப்பட்ட இலையை அரைத்து, அந்தச் சாற்றை மெல்லிய கண்ணாடிக் குழாயால் நல்ல செடியின் இலை நரம்பில் செலுத்தினார். பத்தில் ஒன்பது தடவை நல்ல செடிக்கும் தேமல் வந்தது. ஆக இது தொற்றுநோய், மண்ணின் குறை இல்லை. 1886-ல் இதை எழுதி வெளியிட்டார். ஆனால் தொற்றுவது எது என்பதில் அவர் நின்றது பாக்டீரியா பக்கம். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது, ராபர்ட் காக் 1882-ல் காசநோய்க் கிருமியைக் காட்டியிருந்தார், அடுத்து காலராக் கிருமி வந்தது, தொற்றுநோய் என்றால் மைக்ராஸ்கோப்பில் தெரிகிற, தட்டில் வளர்க்க முடிகிற ஏதோ ஒரு பாக்டீரியா இருந்தே ஆக வேண்டும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது.

இதற்கு நடுவே பாரிஸில், பாஸ்டரோடு வேலை செய்த சார்லஸ் சேம்பர்லேண்ட் 1884-ல் பீங்கானில் ஒரு வடிகட்டி செய்தார். மெழுகுவர்த்தி வடிவம், அதன் நுண்துளைகளில் பாக்டீரியா எதுவும் நுழைய முடியாது. தண்ணீரைச் சுத்தமாக்கச் செய்த பொருள் அது. வைரஸ் ஆராய்ச்சி முழுக்க அந்தப் பீங்கான் குழாயிலிருந்து பிறந்தது என்றே நான் சொல்வேன்.

டிமிட்ரி ஐவனோவ்ஸ்கி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் படித்த இளம் தாவரவியலாளர். கிரிமியாப் பக்கத்துப் புகையிலைத் தோட்டங்களின் நோயை ஆராய்ந்தவர், நோய்ச் சாற்றை இந்த வடிகட்டியில் விட்டார். கீழே தெளிவாக இறங்கிய சாறும் நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது. 1892-ல் ரஷ்ய அறிவியல் அகாடமியில் இதைச் சொன்னார். இந்த இடத்தில் வகுப்பைக் கொஞ்சம் நிறுத்தி, இந்த முடிவை நீங்களாக இருந்தால் எப்படி விளக்குவீர்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வடிகட்டியில் விரிசல் இருக்கலாம் என்று ஒருத்தர் சொல்வார், பாக்டீரியா நின்றுபோய் அதன் நஞ்சு மட்டும் கீழே இறங்கியிருக்கலாம் என்று இன்னொருத்தர் சொல்வார். ஐவனோவ்ஸ்கியும் அப்படித்தான் யோசித்தார், பாக்டீரியாவை அவர் கடைசிவரை முழுசாக விட்டுவிடவில்லை.

நஞ்சா இல்லையா என்பதைத் தீர்த்த சோதனைகள் 1898-ல் வந்தன, இரண்டு வேறு இடங்களில், ஒன்று செடியில், ஒன்று மாட்டில். மாட்டுக் கதையைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன, எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் தர்க்கம் அதில்தான் பளிச்சென்று தெரிகிறது. ஜெர்மனியில் ஃபிரெடரிக் லோஃப்ளரும் பால் ஃபிராஷும் கோமாரி வந்த மாட்டின் கொப்புள நீரை எடுத்து, நீர்க்கச் செய்து, பாக்டீரியா போகாத வடிகட்டியில் விட்டுக் கன்றுக்குட்டிகளுக்கு ஊசி போட்டார்கள். நோய் வந்தது. அந்தக் கன்றின் கொப்புள நீரை எடுத்து வடிகட்டி அடுத்த கன்றுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கொண்டுபோனார்கள். வெறும் நஞ்சாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் நீர்த்து நீர்த்து, சீக்கிரமே ஒன்றும் இல்லாமல் போயிருக்கும். வீரியம் குறையவே இல்லை. அப்படியானால் அது ஒவ்வொரு கன்றுக்குள்ளும் பெருகுகிறது, பாக்டீரியாவைவிடச் சிறியது, ஆனாலும் ஒரு துகள் என்றார்கள் அவர்கள். பெரியம்மை போன்ற நோய்களும் இந்த வகையாகவே இருக்கலாம் என்றும் சொல்லி வைத்தார்கள். கோமாரி விலங்கு வைரஸ்களில் முதலாவதாகப் பதிவானது இப்படித்தான். உங்கள் வகுப்பில் மாடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் கோமாரி என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதே 1898-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊரில் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் புகையிலைச் சோதனையை மறுபடி கையில் எடுத்தார். இவருடைய அப்பா புகையிலை வியாபாரத்தில் நொடித்துப் போனவர், இவரோ வாகனிங்கனில் மேயரோடு வேலை பார்த்தவர். ஐவனோவ்ஸ்கியின் வேலை அப்போது இவருக்குத் தெரியாது. வடிகட்டிய சாறு செடியிலிருந்து செடிக்குப் போனாலும் வீரியம் குறையவில்லை என்று இவரும் கண்டார். அதோடு நிற்காமல், சாற்றை அகார் என்ற கடற்பாசிக் கூழின் மேல் விட்டுப் பார்த்தார், நோய் தரும் பொருள் கூழுக்குள் ஊறி இறங்கியது. பாக்டீரியா அப்படி இறங்காது. இன்னொன்றும் கவனித்தார்: இளம், வளர்கிற இலைகளில்தான் அது பெருகுகிறது, செடிக்கு வெளியே சாற்றில் எத்தனை நாள் வைத்தாலும் பெருகுவதில்லை. உயிருள்ள செல்லின் வேலையோடு தன்னைப் பிணைத்துக்கொண்டால்தான் அதற்குப் பெருக்கம் என்று அவர் சொன்னது பெரிய பாய்ச்சல், இன்றைக்கு நீங்கள் கரும்பலகையில் எழுதும் வரியின் பாதி அது. "காண்டேஜியம் வைவம் ஃப்ளூயிடம்", அதாவது தொற்றும் உயிருள்ள திரவம், என்று அதற்குப் பெயர் வைத்தார். திரவம் என்றது மட்டும் தவறாகிவிட்டது, துகள் என்ற லோஃப்ளர் பக்கமே சரி. ஐவனோவ்ஸ்கியின் சோதனை பிறகு தெரியவந்ததும், வடிகட்டிச் சோதனையில் அவரே முந்தியவர் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்.

ஆகவே யார் கண்டுபிடித்தது என்று கேட்டால், தேர்வில் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் விஷயத்தில் நான் குறுக்கே வரவில்லை. என் தீர்ப்பைக் கேட்டால் பெய்ஜெரிங்க் பக்கம் சாய்வேன். வடிகட்டியைத் தாண்டி வந்ததை முதலில் பார்த்தவர் ஐவனோவ்ஸ்கி, ஆனால் இது பாக்டீரியா இல்லை, புதிதாக வேறொன்று என்று துணிந்து சொன்னவர் பெய்ஜெரிங்க்.

அதற்கப்புறம் நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தப் பட்டியலில் சேர்ந்தன. மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே சொன்னார், யாரும் நம்பவில்லை. 1900-ல் வால்டர் ரீட் தலைமையில் அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு கியூபாவுக்குப் போய் அதை நிரூபித்தது, அந்தக் குழுவின் ஜெஸ்ஸி லேசியர் அந்த நோயிலேயே இறந்தார். அடுத்த வருடம் அதுவும் வடிகட்டியைத் தாண்டும் கிருமிதான் என்று காட்டினார்கள், மனித நோய்களில் அது முதல். பெய்டன் ரூஸ் 1911-ல் கோழிப் புற்றுநோயை வடிகட்டிய சாறால் இன்னொரு கோழிக்கு வரவைத்தார், நோபல் பரிசு கிடைத்தது 1966-ல். பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ்களை ட்வார்ட் 1915-லும் தெரெல் 1917-லும் கண்டார்கள்.

இத்தனையும் கண்ணால் பார்க்காமல் நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) ஒன்றும் பிரிந்து தெரியாது. போலியோ வைரஸ் 30 நானோமீட்டர்தான். குடலில் இருக்கும் ஈ. கோலை பாக்டீரியா நம்ம டவுன் பஸ் அளவு என்று வைத்துக்கொண்டால் போலியோ வைரஸ் உரித்த தேங்காய் அளவுதான் இருக்கும். அம்மை வகை வைரஸ்கள் மட்டும் பெரிசு, எடின்பரோவில் ஜான் ப்யூஸ்ட் 1886-லேயே அவற்றைச் சாயமேற்றிப் புள்ளிகளாகப் பார்த்துவிட்டார், ஆனால் பாக்டீரியாவின் வித்துகள் என்று நினைத்துக்கொண்டார். கண்ணால் பார்த்தவர் அறியவில்லை, பார்க்காதவர்கள் அறிந்தார்கள். உங்கள் மாணவனுக்கு என் பதில் இதுதான்.

படம் கிடைத்தது 1939-ல். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை உருவாக்கிய எர்ன்ஸ்ட் ரஸ்காவின் தம்பி ஹெல்முட் ரஸ்காவும் கூட்டாளிகளும் ஜெர்மனியில் அதே புகையிலைத் தேமல் வைரஸைப் படம் பிடித்தார்கள்: 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன், குச்சி குச்சியாக. அதற்கு நான்கு வருடம் முன்னால், 1935-ல், அமெரிக்காவில் வெண்டெல் ஸ்டான்லி ஏறக்குறைய ஒரு டன் புகையிலைச் செடியைப் பிழிந்து அந்த வைரஸை ஊசி ஊசியான படிகமாகக் குப்பியில் எடுத்துக் காட்டியிருந்தார். உயிர் உண்டா இல்லையா என்ற சண்டை அந்தக் குப்பியில்தான் சூடு பிடித்தது. உப்பைப் போலப் படிகமாகிற பொருள், செடியில் தடவினால் நோயாகப் பெருகுகிறது! ஸ்டான்லி அதை வெறும் புரதம் என்றார். அதில் கொஞ்சம் ஆர்.என்.ஏ.-வும் (டி.என்.ஏ. போன்ற ஓர் அமிலம்) உண்டு என்று அடுத்த ஓரிரு வருடத்தில் இங்கிலாந்தில் பாடென், பிரி என்ற இருவர் காட்டினார்கள். அந்தக் கொஞ்சம்தான் எல்லாமே என்பது 1956-ல் தெரிந்தது, புரதத்தை நீக்கிவிட்டு ஆர்.என்.ஏ.-வை மட்டும் தடவினாலும் இலைக்கு நோய் வந்தது. அதற்கு முந்தைய வருடம் ஃபிரேங்கல்-கான்ராட்டும் வில்லியம்ஸும் வைரஸைப் புரதம் வேறு ஆர்.என்.ஏ. வேறு என்று பிரித்து, மறுபடி சோதனைக்குழாயில் கலந்தார்கள், அவை தாமாகவே கூடி நோய் தரும் குச்சிகளாகின. 2002-ல் அமெரிக்காவில் எக்கார்ட் விம்மர் குழு போலியோ வைரஸின் மரபு வரிசையைப் பார்த்தே வேதிப்பொருளிலிருந்து அந்த வைரஸை உண்டாக்கியது.

உயிர் உண்டா என்ற கேள்விக்கு இத்தனையும் தெரிந்த பிறகு எப்படிப் பதில் சொல்வது? வெளியே கிடக்கும் துகளைக் கேட்டால் உயிர் இல்லை என்பேன், அது சாப்பிடுவதில்லை, வளர்வதில்லை, ஒரு வேலையும் செய்வதில்லை. செல்லுக்குள் போனதும் அந்தத் துகளே அங்கே இருக்காது, உறை கழன்று, மரபுச் செய்தி மட்டும் செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம்களை வேலை வாங்கிக்கொண்டிருக்கும். அப்போது உயிரோடு இருப்பது நோய் பிடித்த செல். எனவே உண்டு, இல்லை என்று ஒற்றைச் சொல்லில் மாணவர்களை அடைக்காதீர்கள், எந்தக் கட்டத்தில் என்று திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். நம் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 8 சதவீதம், செல்லின் மரபுப்பொருளுக்குள்ளேயே தன் மரபுச் செய்தியைச் செருகிவிடும் ரெட்ரோவைரஸ்கள் பழங்காலத்தில் விட்டுப்போன மிச்சம், அவற்றிலிருந்து வந்த சின்சிட்டின் என்ற புரதம் இல்லாமல் தாயின் நஞ்சுக்கொடி சரியாக உருவாகாது என்பதையும் சொல்லுங்கள். வைரஸ் என்றாலே எதிரி என்ற எண்ணம் கொஞ்சம் அசையும்.

இனி அந்தத் தம்பியின் காய்ச்சல். பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவர் கட்டும் வேலையைத் தடுக்கின்றன, அசித்ரோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்துக்கொள்கிறது. வைரஸுக்குச் செல்சுவரும் கிடையாது, சொந்த ரைபோசோமும் கிடையாது. மருந்து தாக்க வேண்டிய இடமே அங்கே இல்லை. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது என்றால் அது தானாக விட்டிருக்கும், பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகும். நடுவில் அந்த மாத்திரை குடலின் நல்ல பாக்டீரியாவைக் கொன்று, எதிர்ப்புச் சக்தி பெற்றவற்றை மிச்சம் வைத்துவிட்டுப் போகும். அப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லச் சொல்லுங்கள், பிள்ளை மேல் இருக்கிற பாசத்தில் வாங்கிக் கொடுத்தவர், திட்டினால் காதில் ஏறாது. கொடுக்க ஆரம்பித்த மருந்தைப் பற்றி அதே டாக்டரிடம் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளட்டும்.

அதே மூச்சில் இன்னொன்று. எல்லாக் காய்ச்சலும் வைரஸ் இல்லை. டைபாய்டு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் எல்லாம் நம் ஊரில் உண்டு, அவற்றுக்கு ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். எது எது என்று மருத்துவரும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் இல்லை. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். டெங்கு காலத்தில் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை தாமாகக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் இறங்கும்போது கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, பிள்ளை துவண்டுபோவது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் விடுகிற நேரம்தான். வைரஸுக்கு மருந்தே கிடையாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஹெர்ப்பிஸுக்கு அசைக்ளோவிர் இருக்கிறது, ஹெபடைட்டிஸ் சி-யை இன்று மாத்திரையிலேயே குணமாக்குகிறோம். சாதாரண வைரல் காய்ச்சலுக்கு ஓய்வும் தண்ணீரும்தான்.

நம்மூர்ப் பெயர் கேட்டீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது செல்லப்பன் நிர்மலா. 1985-86-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி. அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் வைரஸ் இங்கே இருக்கிறதா என்று தேடச் சொன்னார். நம் நாட்டில் அது வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார், ஒழுங்கான வசதி இல்லாததால் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார், சென்னையில் பரிசோதனை வசதி இல்லை என்பதால் ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அங்கே ஜேக்கப் ஜானின் வைராலஜி ஆய்வகத்தில் சில மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. 1986-ல் இந்தியாவில் அந்த வைரஸ் இருப்பது முதன்முதலாக வெளியே வந்தது இப்படித்தான். ஒரு முதுகலை மாணவியின் ஆய்வேடு ஒரு நாட்டின் எய்ட்ஸ் தடுப்பு வேலைக்கே தொடக்கமாக அமைந்தது, உங்கள் மாணவிகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கூடவே ஜூன் அல்மெய்டாவைப் பற்றியும்: கிளாஸ்கோவில் பஸ் டிரைவரின் மகள், 16 வயதில் பள்ளியை விட்டு ஆய்வகத் தொழில்நுட்பராகச் சேர்ந்தவர், 1960-களில் மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் முதலில் படம் எடுத்துக் காட்டியவர்.

கடைசியாகச் சோதனை. மேயர் செய்ததையே பள்ளியில் செய்யலாம், ஆனால் செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நம் பக்கம் சட்டென்று கண்ணில் படுவது வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல், அதை வெள்ளை ஈதான் பரப்புகிறது, சாற்றைத் தடவினால் தொற்றாது, தக்காளி இலைச்சுருட்டையும் அப்படித்தான். இலையைக் காட்டவும் வெள்ளை ஈயை லென்ஸில் பார்க்கவும் அவை போதும். தடவிப் பார்க்கத் தக்காளியிலோ மிளகாயிலோ திட்டுத்திட்டான தேமல் இருக்கும் இலை வேண்டும். அதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, நான்கைந்து இலை விட்ட அதே வகை இளஞ்செடியின் இலையில் கார்போரண்டம் என்ற கரடான தேய்ப்புத் தூளோ, நன்றாகச் சலித்த மெல்லிய மணலோ லேசாகத் தூவி, சாற்றை விரலால் மெதுவாகத் தேய்க்க வேண்டும், சின்னச் சின்னக் கீறல் வழியாகத்தான் வைரஸ் உள்ளே போகும். பிறகு இலையைக் கழுவிவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு செடிக்கு அதே தூளைத் தூவித் தண்ணீரை மட்டும் தேய்த்து வையுங்கள், அது இல்லாமல் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. தண்ணீர்ச் செடிக்கு முதலில், சாற்றுச் செடிக்கு அப்புறம் கை வைக்கட்டும், நடுவிலும் முடிவிலும் சோப்புப் போட்டுக் கழுவட்டும். பீடி, சிகரெட், புகையிலை தொட்ட கையோடு யாரும் பக்கத்தில் வரக் கூடாது, உலர்ந்த புகையிலையிலும் தேமல் வைரஸ் உயிர்ப்போடு இருக்கும், அது தக்காளிக்குத் தொற்றும். இரண்டு தொட்டியையும் கொசுவலைத் துணியால் மூடி, இரண்டு மூன்று வாரம் புதுத் துளிர்களைப் பார்த்து வாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் வைரஸ் இல்லை என்று முடிவு கட்டவேண்டாம், அது பூச்சி மட்டுமே பரப்பும் வகையாக இருக்கலாம், வேறு செடியிலிருந்து இலை எடுத்து மறுபடி செய்யுங்கள். முடிந்ததும் செடிகளைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், பள்ளிக்கு வெளியே யாருடைய தக்காளி வயலுக்கும் அது போய்ச் சேரக் கூடாது.